பழைய கைகளுக்கு: உங்கள் திரையைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்

மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பக்கமெல்லாம் பயண நிறுவனம் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், அந்தக் கடைகளில் பல வருஷமாக டிக்கெட் போட்டுப் பழகிய மூத்தவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருப்பாள், இல்லையென்றால் டிப்ளோமா முடித்த கையோடு வந்த தம்பி ஒருவன் இருப்பான். எப்படிப் போகிறது என்று கேட்டால் "ஓகே அக்கா" என்பார்கள். வேலையும் ஒழுங்காகத்தான் நடக்கும். ஆனால் போன் அடித்தால் ஒரு நொடி தயங்கித்தான் எடுப்பார்கள். கஸ்டமர் கதவைத் திறந்தால் மூத்தவர் யாராவது எழுந்து போகிறாரா என்று பார்ப்பார்கள். வாட்ஸாப்பில் மூன்று வரி பதில் அனுப்ப நாலு தடவை அழித்து அழித்து எழுதுவார்கள். பிறகு ஒரு நாள் "எனக்கு இந்த வேலை சரிப்படாது அக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று நீங்களும் அடுத்த ஆளைத் தேடுவீர்கள்.

பொறுமை இல்லாமல் அவர்கள் போகவில்லை. புதியவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நான் இருப்பதால், உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறார்கள். "எனக்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன், என்றைக்காவது ஒரு நாள் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்பதைத்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொல்லும்போது தலையாட்டுகிறார்கள், மறுநாள் காலை அதே பயத்தோடு கடைக்கு வருகிறார்கள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பயத்தைக் குறைக்கிற காரியம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்கிறார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக முன்னேறிய 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் பார்த்தது இதுதான்: பட்டம் இருக்கிறது, பதவி இருக்கிறது, கூட இருப்பவர்கள் மதிக்கிறார்கள், ஆனாலும் உள்ளுக்குள்ளே, ஏதோ அதிர்ஷ்டத்தில் இங்கே வந்துவிட்டேன், எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு. இதை ஒரு வியாதி என்று அவர்கள் சொல்லவில்லை. இதற்கு அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று, இதே நினைப்பு உள்ளவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுவது. கெட்டிக்காரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி வாயைத் திறந்து "எனக்கும் இப்படித்தான்" என்று சொல்லும்போது, கேட்கிறவளுக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. நம் தொழிலில் அந்த ஒருத்தியாக இருக்க வேண்டியது நீங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயரை இப்போது எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். முதல் வருஷத்தில் தெரியாதது நிறைய இருக்கும், அது நிஜமாகவே தெரியாததுதான். 15ஆம் தேதி 00:10 விமானம் என்றால் 14ஆம் தேதி ராத்திரியே கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இருக்க வேண்டும் என்று கஸ்டமருக்குத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். விமானச் சாப்பாட்டில் ஹெச்என்எம்எல் என்ற குறியீட்டுக்கு 'இந்து சாப்பாடு' என்று பெயர் இருந்தாலும் தட்டில் கோழி வரலாம், சுத்த சைவம் வேண்டுமென்றால் ஏவிஎம்எல் போட வேண்டும். இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும், இதற்கு மனோதத்துவம் தேவையில்லை. அதேபோல, உரிமம் இல்லாத ஒருவருக்காக வாட்ஸாப்பில் பேக்கேஜ் விற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு 'நான் போலிதானோ' என்று தோன்றினால், அந்தத் தோன்றலை நம்ப வேண்டும். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி மலேசியாவில் பயண வியாபாரம் செய்ய அமைச்சின் உரிமம் வேண்டும். உங்களிடம் உரிமம் இருக்கிறதல்லவா, புதியவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதை அவரிடம் காட்டுங்கள், எண்ணைச் சொல்லுங்கள், கஸ்டமர் கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிலருக்கு இதிலேயே முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கஸ்டமர் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பதற்கும் இப்படி நிஜமான காரணம் உண்டு. மலிவு பேக்கேஜ் என்று பணத்தைக் கட்டிவிட்டு, விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் டிக்கெட்டே இல்லை என்று தெரிந்த குடும்பங்களின் கதையை நம் மக்கள் பத்திரிகையில் படித்திருக்கிறார்கள், சொந்தத்தில் யாருக்காவது நடந்தும் இருக்கும். அந்தப் பயத்தோடுதான் உங்கள் கவுண்டருக்கு வருகிறார்கள். கவுண்டரில் இருக்கிற புதுப்பெண் என்ன நினைக்கிறாள்? 'என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்' என்று நினைக்கிறாள்.

இனி நிஜமான இம்போஸ்டர் நினைப்புக்கு வருகிறேன்.

அது பெரும்பாலும் ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறது. "நீ எத்தனை நாட்டுக்குப் போயிருக்கே?" கஸ்டமர் கேட்பார், கல்யாண வீட்டில் அத்தை கேட்பார், சில கடைகளில் நேர்முகத் தேர்விலேயே முதலாளி கேட்கிறார். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை முடித்து, குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்து வந்த பிள்ளை எத்தனை நாட்டுக்குப் போயிருக்கும்? எல்லையைத் தாண்டி தாய்லாந்தின் ஹட்யாய் வரை போயிருந்தால் பெரிசு. ஐரோப்பாவைப் பார்க்காமல் ஐரோப்பா விற்கிறேனே என்ற குற்ற உணர்வு அங்கேதான் முளைவிடுகிறது.

தயவுசெய்து இந்தக் கேள்வியை நீங்களாவது கேட்காதீர்கள். ஒரு ஊருக்குப் போய்வந்தவருக்கு, அவர் போன மாதம், அவர் தங்கிய ஹோட்டல், அவருடைய கால் வலி, இவ்வளவுதான் தெரியும். பயண ஆலோசகரின் வேலை எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்று கேட்டு வாங்குவது. ஓர் உதாரணம் சொல்கிறேன். எழுபது வயது அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போக மகன் வந்து உட்காருகிறார், "அம்மாவுக்கு வீல்சேர் போட்டுடுங்க" என்கிறார். அவசரத்தில் இருக்கிறவர் வீல்சேர் என்று ஒரு வரி அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். நல்ல ஆலோசகர் நிறுத்தி, "அம்மாவால படி ஏற முடியுமாண்ணே?" என்று கேட்பார். ஏனென்றால் சக்கர நாற்காலிக்குக் குறியீடு ஒன்று இல்லை, மூன்று. கடைசி எழுத்து ஆர் என்றால், தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார். எஸ் என்றால், படி ஏற முடியாது, விமானத்துக்குள்ளே இருக்கை வரை மெதுவாக நடப்பார். சி என்றால், இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். ஆர் என்று போட்டுவிட்டு, அன்றைக்கு விமானம் பாலத்தோடு சேராமல் வெளியே மைதானத்தில் நின்றால், அந்த அம்மா ஏணிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒருவர் காசியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் முட்டிவலியோடு ஒரு பாட்டி இருந்தால் போதும், நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டி இருக்கிறார்.

பெயர் விஷயத்தையும் பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று ஒரு சாய்கோடு இருக்கிறது. முன்பதிவு சிஸ்டத்தில் அதே சாய்கோடுதான் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கிற குறி. குடும்பப் பெயரே இல்லாத நமக்கு எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது, ஏஎல் என்று சேர்த்து அடிப்பதா விடுவதா, எந்த விமான நிறுவனம் எப்படிக் கேட்கும் என்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தலையைச் சுற்றும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூட பாரத்திலிருந்தே இதை அனுபவித்தவர்கள். எங்கே சிக்கல் வரும் என்று வாசனையிலேயே தெரியும். இப்படித் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படி இல்லை என்று யாராவது எடுத்துச் சொன்னால்தான் அது அறிவு என்றே அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

எனக்கு வேலை கற்றுத்தந்த அக்கா ஒருவர் உண்டு. எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்வார், விசா விதியெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பக்கத்தில் நாங்கள் எந்த மூலைக்கு என்றிருக்கும். ஒரு நாள் என் மேசையில் கணினி வேலை செய்யவில்லை, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போனில் ஒருவர் ஏதோ டிரான்சிட் விசா கேட்கிறார். அக்கா அதே உறுதியான குரலில், "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கய்யா, நானே கூப்பிடறேன்" என்று வைத்தார். வைத்துவிட்டு டைமாட்டிக்கைத் திறந்தார், விமான நிலையக் கவுண்டர்களில் செக்-இன் செய்கிறவர்கள் பார்க்கிற அதே பயண விதித் தொகுப்புதான். பாஸ்போர்ட் எந்த நாடு, எங்கே இறங்குகிறார், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாக அடித்து, வந்த பதிலை விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு விமான நிறுவனத்துக்கும் போன் போட்டு அதையே கேட்டார். கடைசியில்தான் அந்த ஐயாவைக் கூப்பிட்டு, நாங்கள் எப்போதும் கேட்கிற அந்தத் தெளிவான பதிலைச் சொன்னார். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "மனசுல வெச்சிருந்தா பழைய ரூலைத்தாம்மா சொல்லுவேன்" என்றார்.

எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்த ஊக்கப் பேச்சும் தந்ததில்லை. அக்காவுக்கும் தெரியாது! தெரியாததை எங்கே பார்க்க வேண்டும், பார்த்ததை யாரிடம் உறுதி செய்ய வேண்டும், அதுவரை கஸ்டமரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது தெரியும். அது பழகிக்கொள்ளக்கூடியது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயப்பட அதில் என்ன இருக்கிறது?

நீங்கள் எல்லாரும் இப்படித்தான் வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தேடுவது புதியவர் கண்ணில் படுவதில்லை, நீங்கள் சொல்லி முடித்த பதில் மட்டும்தான் அவர் காதில் விழுகிறது. தன்னுடைய தடுமாற்றத்தை முழுசாக உள்ளே இருந்து பார்க்கிறார், உங்களுடைய தடுமாற்றத்தில் ஒரு துளியையும் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும் தராசில் வைத்தால் அவர் தட்டு எப்போதும் தாழ்ந்துதானே போகும்?

அனுபவம் என்பது தலையில் சேர்த்து வைத்த விதிகள் என்றால், அந்தச் சேமிப்பு செல்லாமல் போகிற நாள் எல்லாருக்கும் வரும். 2023 டிசம்பர் 1ஆம் தேதி சீனா மலேசியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தது. 2025 ஜனவரி 8ஆம் தேதியிலிருந்து, விசாவே தேவைப்படாத பிரிட்டனுக்கு இடிஏ என்ற முன் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலை நேரங்களில் இருபது வருஷ அனுபவசாலியும் இரண்டு மாதப் புதியவரும் ஒரே பக்கத்தைத்தான் திறந்து படித்தார்கள். சொல்லப்போனால் புதியவர் இன்னும் கவனமாகப் படித்திருப்பார்.

முன்பெல்லாம் மூத்தவர் தேடுவதைப் புதியவர் பார்ப்பது தானாக நடந்தது. கடையில் ஒருவருக்கு மேல் ஒருவராக ஆள் இருந்தார்கள். ஒரு வருஷம் மூத்தவரிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம், அவர் இரண்டு வருஷம் மூத்தவரிடம் கேட்பார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, எல்லை முழுசாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இடைவெளியில் நடுவில் இருந்தவர்கள் எத்தனை பேர் கிராப் வாடகைக் கார் ஓட்டப் போனார்கள், சமைத்து விற்றார்கள், இன்சூரன்ஸ் பக்கம் போனார்கள், பலர் திரும்பி வரவே இல்லை. நீங்கள் கடையை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்பதை நானும் கிட்டே இருந்து பார்த்தவள்தான், குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்போது பல கடைகளில் மேலே நீங்கள், கீழே புதியவர், நடுவில் யாரும் இல்லை. 'இது கூடத் தெரியாதா' என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயந்து, உங்களிடம் கேட்க வேண்டியதை அவர் ராத்திரி யூடியூபில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பயம் வெளியே எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் சோம்பலைப் போலவோ அதிக ஆர்வத்தைப் போலவோ வேஷம் போட்டுக்கொண்டுதான் அது வரும். பாலிக்கு நாலு நாள் கேட்டவருக்கு ஒன்பது ஹோட்டல் தேடி நீளமான பிடிஎஃப் அனுப்புகிற பிள்ளை. ராத்திரி ஒரு மணிக்கு வந்த வாட்ஸாப்புக்கு ஒன்றரைக்குப் பதில் போடுகிறவர். சேவைக் கட்டணம் என்ற இடம் வந்ததும் குரல் இறங்கி, "அது பரவாயில்லைண்ணே, விடுங்க" என்று தானாகவே தள்ளிவிடுகிறவர். கஸ்டமர் "அகோடாவில இதைவிட மலிவா இருக்கே" என்றவுடன் தான் எதற்கு இங்கே இருக்கிறோம் என்றே மறந்துவிடுகிறவர். இவர்களுக்கு வேலை வராமல் இல்லை, தங்கள் வேலைக்கு விலை உண்டு என்று இன்னும் நம்ப முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதல் ஒரு மாதம் புதியவருடைய நாற்காலியை உங்கள் திரை தெரிகிற இடத்தில் போடுங்கள். நீங்கள் தேடும்போது அவர் பார்க்கட்டும். வாய்விட்டுச் சொல்லுங்கள், "இது எனக்கு மறந்துபோச்சு, பார்க்கிறேன்" என்று. உங்களுக்கு அது ஒரு வரி, அவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

டிக்கெட் வெளியிடுவதற்கு முன் பெயர், தேதி, பாஸ்போர்ட் காலாவதி, இந்த மூன்றையும் இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும் என்பதைக் கடையில் எல்லாருக்கும் விதியாக வையுங்கள், முதலாளி போடுகிற டிக்கெட்டுக்கும் சேர்த்து. புதியவருடையதை மட்டும் சரிபார்த்தால் அது சந்தேகம். உங்களுடையதை அவரிடம் நீட்டி "ஒரு தடவை பார்த்துச் சொல்லும்மா" என்றால் அது தொழில்.

அவர் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து விசைப்பலகையைப் பிடுங்காதீர்கள். எனக்கு மிகவும் வலிக்கிற காட்சி இது, நல்ல மனசோடுதான் செய்கிறீர்கள், ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து கஸ்டமரின் கண் உங்கள் பக்கம் திரும்பிவிடும், பிறகு அவர் அந்தப் பிள்ளையிடம் பேசவே மாட்டார். தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துங்கள், மீதியைக் கஸ்டமர் போன பிறகு சொல்லுங்கள். அறிமுகம் செய்யும்போதும், "புதுப் பிள்ளைங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். "உங்க பயணத்தை இவங்கதான் பார்ப்பாங்க, நானும் கூட இருக்கேன்" என்றால் இரண்டு பேருக்கும் தெம்பு.

சேவைக் கட்டணத்தைக் கடையே நிர்ணயித்து எழுதி ஒட்டிவிடுங்கள். தன் மதிப்பைத் தானே பேரம் பேசுகிற நிலையில் ஒரு புதியவரை விடக்கூடாது. ஃபேம் டிரிப், அதாவது ஊரை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏஜென்ட்டுகளை அழைத்துப் போகிற பயணம், வந்தால் வருஷா வருஷம் நீங்களே போகாமல், மூன்றில் ஒன்றையாவது அவருக்குக் கொடுங்கள்.

பாராட்டும்போது "நல்லா பண்ணே" என்று விட்டுவிடாதீர்கள். இந்த நினைப்பு உள்ளவர் அதை "நல்ல வேளை, தப்பித்தேன்" என்று மாற்றிக்கொள்வார். என்ன செய்தார் என்று சொல்லுங்கள். "அந்த பினாங்குக் குடும்பம் ரெண்டு தனி டிக்கெட்டில போறாங்க, கேஎல்ஐஏ டெர்மினல் 2ல இறங்கி பெட்டியை எடுத்து, ரயில் பிடிச்சு டெர்மினல் 1க்குப் போய் மறுபடி செக்-இன் பண்ணணும், ரெண்டு மணி நேரம் பத்தாதுன்னு நீ கண்டுபிடிச்சு முந்தின விமானத்துக்கு மாத்தினே பாரு, அதனாலதான் அவங்க லண்டன் போய்ச் சேர்ந்தாங்க." இப்படிச் சொன்னால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. உங்கள் போனுக்கு நன்றி சொல்லி வருகிற செய்தியையும் அந்த வேலையைச் செய்தவருக்கு அனுப்பிவிடுங்கள், அவர் அதை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், ஆட்டம் காண்கிற நாளில் திரும்பப் படிக்க உதவும்.

இதைப் படிக்கிற புதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஐரோப்பா போயிருக்கியாம்மா?" என்று கேட்டால், "இல்லைங்கய்யா, ஆனா எங்க கடையில இருந்து போனவங்க கிட்ட கேட்டு, அங்க இருக்கிற ஆளுங்க கிட்டயும் உறுதி பண்ணி, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்றேன்" என்று சொல்லுங்கள். நாலேமுக்காலுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கஸ்டமர் உங்கள் பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணுவதில்லை, சொன்ன நேரத்தில் கூப்பிட்டீர்களா என்பதை மட்டும் மறக்க மாட்டார்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, அடுத்த மாட்டா பயணக் கண்காட்சிக்கு யார் எந்த மேசை என்று பட்டியல் போடும்போது, புதியவரைப் பிரசுரம் கொடுக்க வாசலில் நிறுத்தாமல் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்று நாளும் அவர் உங்கள் திரையைப் பார்க்கட்டும், கடைசி நாள் நீங்கள் அவர் திரையைப் பாருங்கள். நான் சொன்னதில் நடைமுறைக்கு ஒத்துவராதது ஏதாவது இருந்தால், அங்கே வந்து நேரிலேயே சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருத்தி